வெள்ளவத்தையில பேஸ்மன்ட் ரூமுக்கு வயரிங் பிளான் போட்டுத் தந்த அண்ணை: எங்கட அனுபவம்

கொழும்பில பேஸ்மன்ட் இருக்கிற வீடே குறைவு, இருந்தாலும் கார் விடவோ பழைய சாமான் அடுக்கவோ தான் வைச்சிருப்பினம், அதை ஆக்கள் இருக்கிற ரூமா மாத்தப்போறம் வயரிங் எப்பிடிச் செய்யலாம் எண்டு கேட்டா வடிவா பதில் சொல்ற ஆக்கள் இன்னும் குறைவு. அப்பிடி ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சவர். அவர்ட வேலையைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளம், ஆனா இதே மாதிரி வேலை செய்யப்போற ஆக்களுக்கு உதவும் எண்டு நினைச்சு எல்லாத்தையும் எழுதுறன்.

வீடு வெள்ளவத்தையில, கோல் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில ஒரு ஒழுங்கை. காணி பின்பக்கம் பள்ளம், அதால முன்னால பாத்தா ஒரு மாடி, பின்னால பாத்தா ரெண்டு மாடி, கீழ இருக்கிறது பாதி மண்ணுக்குள்ள. அங்க ஒரு ரியூசன் ரூம், ஒரு சின்ன பாத்ரூம், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு ஒரு இடம், இவ்வளவும்தான் எங்கட திட்டம். மனுசி பின்னேரத்தில ஓ.எல். பிள்ளையளுக்கு கணக்குப் படிப்பிக்கிறவ, இனி எல்லாம் கீழ தான். மற்ற ஆக்கள்ட பிள்ளையள் வந்து இருக்கப்போற இடம், மண்ணுக்குள்ள இருக்கிற ஈரச் சுவர், அதுக்குள்ள கரண்ட், இதை நினைச்சா நித்திரை வராது, அதால தான் ஆளைத் தேடுறதுக்கே அவ்வளவு நேரம் எடுத்தனாங்கள்.

முதல் வந்த ஆக்கள் எல்லாரும் ஒரே கேள்வி தான் கேட்டவை, எத்தினை பொயின்ட்? இங்க வயரிங் வேலை பொயின்ட் கணக்கில தானே பேசுறது, லைட்டுக்கு இவ்வளவு, பிளக்குக்கு இவ்வளவு எண்டு பெருக்கி ஒரு தொகை சொல்லிப்போட்டு போயிடுவினம். மேல் மாடி ரூமுக்கு அது சரி வரும். கீழ சரி வராது. இந்த அண்ணை கொட்டாஞ்சேனையில இருந்து வந்தவர், வந்த உடன பொயின்ட் பற்றி ஒண்டுமே கேக்கேல்ல, "தம்பி, இங்க தண்ணி எந்தப் பக்கத்தால வரும்?" எண்டு தான் கேட்டவர். ரோச் லைட்ட அடிச்சு சுவர் முழுக்க பாத்து, உப்புப் பூத்த இடம், நிறம் மாறின இடம் எல்லாத்தையும் சோக்கால கோடு போட்டு, அம்மாட்ட போய் 2016 மே வெள்ளத்துக்கு இங்க எவ்வளவு நிண்டது எண்டு விசாரிச்சவர். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி பக்கம் தாண்ட மாதிரி எங்கட பக்கம் இல்லை தான், ஆனா அந்த மழைக்கு கீழ கரண்டைக்கால் அளவு தண்ணி நிண்டது எண்டு அம்மா சொன்னவ. அந்த மட்டத்தையும் சுவரில குறிச்சிட்டுத்தான் கொப்பியைத் திறந்தவர்.

அவர்ட முறை இப்பிடி: பிளானுக்கு தனியா ஒரு காசு. வேலையையும் அவருக்கே குடுத்தா அந்தக் காசை கடைசி பில்லில கழிச்சிடுவார், வேற ஆளுக்குக் குடுத்தாலும் பரவாயில்லை, பிளான் உங்கட. கடதாசிக்கு காசோ எண்டு வீட்டில முதல் ஒரு கதை வந்தது உண்மைதான். என்னைக் கேட்டா இந்த முழு வேலையிலயும் பெறுமதியான செலவு அதுதான், ஏனெண்டு கீழ சொல்றன்.

முதல் விசயம் டீ.பி. பெட்டி (பிரேக்கர் சுவிச் எல்லாம் இருக்கிற பெட்டி) எங்க வைக்கிறது. நாங்கள் பேஸ்மன்டுக்குள்ளயே ஒரு மூலையில வைக்கலாம் எண்டு இருந்தனாங்கள், அவர் ஒரேயடியா மறுத்திட்டார். கீழ தண்ணி வந்திட்டுது எண்டு வையுங்கோ, கரண்ட நிப்பாட்ட தண்ணிக்குள்ள இறங்கிப் போகோணுமோ? அதால கீழுக்கு வேண்டிய சப் பெட்டி படியிட மேல் முனையில, மேல் வீட்டு விறாந்தையில. கீழ ஒரு கால் வைக்காம முழு பேஸ்மன்டையும் ஓஃப் பண்ணலாம். மெயின் பெட்டியில இருந்து இந்த சப் பெட்டிக்கு வாற லைனும் 7/1.35 வயர், அதாவது 10 சதுர மில்லிமீட்டர், இண்டைக்கு இருக்கிற பாவனைக்கு அது கூடத்தான், ஆனா பின்னுக்கு ஏதும் சேர்க்கிறதெண்டா சுவரை உடைக்கத் தேவையில்லை எண்டு சொன்னவர், பைப்பும் பெரிசாவே போட்டவர்.

அடுத்தது ரிப் சுவிச், அதாவது கரண்ட் எங்கயாவது லீக் ஆனா தானா விழுந்து கரண்ட வெட்டுற சுவிச். இது தான் எனக்கு முழுசா புதுசா இருந்த பகுதி. இலங்கையில கன வீட்டில நடக்கிறது என்னெண்டா முழு வீட்டுக்கும் ஒரே ஒரு ரிப் சுவிச் (ஆர்.சி.சி.பி. எண்டும் சொல்லுவினம்), 30 மில்லிஆம்பியர் லீக்குக்கு விழுற வகை, எங்க லீக் வந்தாலும் முழு வீடும் இருட்டு. மேல எண்டா யன்னல் இருக்கு, சமாளிக்கலாம். கீழ ஒரு பிள்ளை படியில இறங்கிக்கொண்டு இருக்கேக்க மேல குசினியில கேத்தில் பழுதாகி ரிப் விழுந்தா அது கும்மிருட்டு. அதை விட மோசம், மழை நேரம் தண்ணி இறைக்கிற மோட்டரும் அதே ரிப் சுவிச்சில இருந்தா, ஆருக்கும் தெரியாம மோட்டர் நிண்டு கீழ முழுக்க தண்ணி ஏறும். அதால மோட்டருக்கு தனியா ஒரு ஆர்.சி.பி.ஓ. (லீக்கையும் ஓவர்லோட்டையும் ஒண்டாப் பாக்கிற சாமான்), லைட்டுக்கு தனியா ஒண்டு, பிளக்குக்கு தனியா ஒண்டு, பாத்ரூமுக்கும் மெசினுக்கும் சேர்த்து ஒண்டு. பிளக் பக்கம் விழுந்தாலும் லைட் எரியும், லைட் விழுந்தாலும் மோட்டர் ஓடும்.

அப்ப நான் கேட்டனான், மேல ஏற்கனவே 30 இருக்கு, கீழயும் 30 போட்டா கீழ இருக்கிறது தானே முதல் விழும் எண்டு. இல்லையாம். ரெண்டும் ஒரே 30 எண்டா எது முதல் விழும் எண்டு சொல்லவே ஏலாது, ரெண்டும் சேர்ந்தும் விழும், பிறகு தனித்தனியா பிரிச்சதில அர்த்தமில்லை. அதால முன்னுக்கு 100 மில்லிஆம்பியர், கொஞ்சம் பிந்தி விழுற வகை ஒண்டு போட்டு, அதுக்குப் பிறகு மேல் வீட்டுக்கு ஒரு 30, கீழுக்கு மேல சொன்ன தனித்தனி 30கள் எண்டு பிரிச்சவர். இங்க ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பி தானே, மின்சார சபை எர்த் தாறேல்ல, அதால லீக் வந்தா கரண்ட வெட்டுறதுக்கு ரிப் சுவிச்ச நம்பித்தான் இருக்கோணும், எர்த் கம்பி வழியா போற கரண்ட் சாதாரண பிரேக்கர விழுத்துற அளவுக்கு வராது எண்டு விளங்கப்படுத்தினவர். எங்கட எர்த் கம்பிய மீட்டர் வைச்சுப் பாத்திட்டு, பழசு, கிளம்ப் கறள் பிடிச்சிருக்கு எண்டு புதுசா செப்புக் கம்பி ஒண்டு அடிச்சவர். கடல் காத்துக்கு கிளம்ப் கெதியா போயிடும், வருசத்துக்கு ஒருக்கா பாக்கச் சொல்லியும் எழுதித் தந்திருக்கிறார்.

சுவர் விசயத்திலயும் அவர் சொன்னதை வேற ஆரும் சொல்லேல்ல. பின்பக்கத்து சுவர் மண்ணைத் தாங்கி நிக்கிற சுவர், அதுக்கு வோட்டர்புறூஃப் அடிச்சிருக்கு. அதை வெட்டி பைப் புதைச்சா பிறகு ஈரம் நேர பைப்புக்குள்ள தான் வரும். அதால அந்தச் சுவரில ஒரு வெட்டும் இல்லை, அதுக்கு முன்னால இடைவெளி விட்டு ஜிப்சம் போர்ட் நிப்பாட்டி, அதுக்குள்ள பைப். மற்ற உள்சுவரில மட்டும் வெட்டினவை. வயர் எல்லாம் சீலிங்கால வந்து மேல இருந்து கீழ இறங்குது, தரையால ஒண்டும் போகேல்ல. பிளக் பொயின்ட் எல்லாம் மேசைக்கு மேல, ஒரு மீட்டருக்கும் கூட உயரத்தில. பாக்க வடிவா இல்லை எண்டு மனுசிக்கு முதல் ஒரு மனக்குறை. ஆனா சோக்கால குறிச்ச அந்தத் தண்ணி மட்டத்தைப் பாத்தாப் பிறகு அவவும் ஒண்டும் சொல்லேல்ல. சன்க் பொக்ஸ் (சுவிச், பிளக் பூட்ட சுவருக்குள்ள வைக்கிற பெட்டி) இரும்பு வேண்டாம், பீ.வீ.சி. தான் எண்டும், மோட்டர் பக்கத்தில இருக்கிற பொயின்ட் மட்டும் தண்ணி தெறிச்சாலும் உள்ள போகாத மூடி வைச்ச வகை எண்டும் பிளான்லயே எழுதியிருந்தது.

இதுக்குள்ள கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற மாமா வாட்சப்பில வீடியோவா அனுப்பிக்கொண்டு இருந்தவர். அங்க பேஸ்மன்ட முடிச்சு ஆக்கள இருத்துறது சாதாரண விசயம், அவரும் தன்ர வீட்டில செய்தவர். அவர் சொன்னதை எல்லாம் அண்ணைட்ட காட்டினனான், பொறுமையா இருந்து பாத்தவர். அங்க சுவர் மரச்சட்டம், வயர் சட்டத்துக்குள்ளால ஓடும், சாதாரண பொயின்டுக்கு 120 வோல்ட், அடுப்பு ட்ரையர் மாதிரி பெரிய சாமானுக்கு 240, சுவர் ஓரமா எந்த இடத்தில நிண்டாலும் 1.8 மீட்டருக்குள்ள ஒரு பிளக் இருக்கோணும் எண்டு சட்டம். இங்க கல்லுச் சுவர், 230 வோல்ட், 13 ஆம்பியர் சதுர முள் பிளக், பிளக்குக்குள்ளயே ஃபியூஸ். அதால அந்த வீடியோவப் பாத்து சாமான் வாங்காதேங்கோ, மாமா வரேக்க சூட்கேஸில லைட் கொண்டு வந்தாலும் 120 மட்டும் எண்டு எழுதியிருந்தா பூட்டாதேங்கோ எண்டு சொன்னவர். ஆனா ஒரு விசயத்த மட்டும் அங்க இருந்து எடுக்கச் சொன்னவர்: மாமா இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில இன்ஸ்பெக்டர் வந்து வயரைப் பாக்காம போர்ட் மூட ஏலாது. இங்க வீட்டுக்குள்ள அப்பிடி ஆரும் வந்து நிக்கிறேல்ல, அதால மூட முதல் ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவ பக்கத்தில பிடிச்சுப் படம் எடுங்கோ எண்டு என்னட்டயே அந்த வேலையைத் தந்தவர். அந்தப் படங்கள் இண்டைக்கும் என்ர ஃபோன்ல இருக்கு, படம் கொழுவ ஆணி அடிக்கேக்க எல்லாம் அதைப் பாத்துத்தான் அடிக்கிறம்.

லோட் கணக்கும் போட்டவர். எங்கட மீட்டர் சிங்கிள் பேஸ் (ஒரு லைன் மட்டும் வாற கனெக்சன்) 30 ஆம்பியர், 230 வோல்டால பெருக்கினா 6900 வாட்ஸ், அதுதான் முழு வீட்டுக்கும் எல்லை. கீழ பாத்ரூமுக்கு உடன சுடுதண்ணி தாற ஷவர் ஒண்டு போடுவம் எண்டு இருந்தனாங்கள், அது 3500 வாட்ஸ், தனிய அதுவே 15 ஆம்பியர், எல்லையில பாதி. மேல ஏ.சி. ஓடேக்க, ஆரோ கேத்திலும் போட்டு, கீழ மெசின் தண்ணி சூடாக்கிற நேரம் இதையும் திறந்தா மெயின் விழும். ஒண்டில் ஷவர விடுங்கோ, இல்லாட்டி த்ரீ பேஸுக்கு (மூண்டு லைன் வாற கனெக்சன்) விண்ணப்பியுங்கோ எண்டு ரெண்டு வழியையும் வைச்சவர், தான் எது விருப்பம் எண்டு சொல்லேல்ல. நாங்கள் ஷவர விட்டிட்டம், கொழும்புச் சூட்டுக்கு பச்சைத்தண்ணி போதும். அந்த இடத்தில ஈரம் உறிஞ்சுற டீஹியுமிடிஃபையருக்கு ஒரு பொயின்ட் விடச் சொன்னவர், அதுக்கு சில நூறு வாட்ஸ் தான், ஆனா நாள் முழுக்க ஓடும். அது இப்ப எங்களுக்கு மெத்தப் பெரிய உதவி, பிள்ளையள்ட கொப்பி ஈரத்தில நெளியிறேல்ல.

இருட்டைப் பற்றி தனியா சொல்லோணும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறந்திருக்க மாட்டியள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போனது பட்டப்பகலில, மேல இருந்த ஆக்களுக்கு அது காத்தாடி நிண்ட பிரச்சினை, ஆனா பேஸ்மன்டில பகலும் இரவு தான். அதால படியில ஒண்டும் ரியூசன் ரூம் வாசலுக்கு மேல ஒண்டும் எண்டு பற்றரி உள்ள எமர்ஜென்சி லைட், கரண்ட் போன உடன தானா எரியிற மாதிரி, லைட் சேர்கிட்டிலயே நிரந்தரமா பூட்டியிருக்கு. படி லைட்டுக்கு மேலயும் கீழயும் டூ வே சுவிச். இதுகள் பெரிய செலவு இல்லை, ஆனா பிளான்ல இல்லாட்டி பிறகு சுவரை உடைச்சுத்தான் போடோணும்.

மற்றது எல்லாம் சின்ன விசயம். சீலிங் பதிவு, அதால தட்டையான எல்.ஈ.டி. பனல். கீழ ஃபோன் சிக்னல் வராது, அதால ரவுட்டர் கேபிளுக்கு கரண்ட் பைப்போட சேர்க்காம தனிப் பைப்.

சாமான் வாங்க புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு அவரும் கூட வந்தவர். இதுக்கு வேற காசு எடுக்கேல்ல, கடைக்காரரிட்ட கொமிசனும் எடுக்கேல்ல, பில் நேர என்ர பேரில. வயர் ஏ.சி.எல். இல்லாட்டி களனி கொம்பனி தான், எஸ்.எல்.எஸ். முத்திரை (இலங்கைத் தர முத்திரை) இருக்கோ எண்டு சுருளைத் திருப்பித் திருப்பிப் பாத்தவர். ஒரு கடையில பேர் கேள்விப்படாத வயர் பாதி விலைக்கு தந்தவை, அவர் நுனியை உரிச்சு செப்புக் கம்பியிட மொத்தத்த பக்கத்தில வைச்சு காட்டினவர், கண்ணுக்கே வித்தியாசம் தெரிஞ்சது. சுவிச் பிளக் எந்தக் கொம்பனி எண்டு எங்கட விருப்பத்துக்கு விட்டவர், பிரேக்கரிலயும் ரிப் சுவிச்சிலயும் மட்டும் மலிவு பாக்க விடேல்ல.

வேலை முடிஞ்சு கரண்ட் குடுக்க முதல் 500 வோல்ட் மெகர் (வயரிட இன்சுலேசன் சரியோ எண்டு பாக்கிற மீட்டர்) வைச்சு ஒவ்வொரு லைனும் பாத்தவர், ஒரு மெகா ஓமுக்குக் கீழ வந்தா தான் கரண்ட் குடுக்க மாட்டன் எண்டு முதலே சொன்னவர். ஒரு லைன் குறைவாக் காட்ட, மூடின பொக்ஸைத் திறந்து ஸ்குரூ குத்தின வயரை மாத்தித்தான் விட்டவர், அது அவரிட பொடியன் செய்த பிழை, அதை எனக்கு மறைக்காம சொன்னதும் அவர்தான். ரிப் சுவிச்சுக்கும் தனி மீட்டர் வைச்சு எத்தினை மில்லிசெக்கனில விழுது எண்டு பாத்தவர், 30 மில்லிஆம்பியருக்கு 300க்குள்ள விழோணும், 150 மில்லிஆம்பியருக்கு 40க்குள்ள விழோணும், எல்லா எண்ணையும் எழுதி கையெழுத்து வைச்சுத் தந்தவர். ரெஸ்ட் பட்டன் அமத்திப் பாக்கிறதை மட்டும் செய்திட்டு போற ஆக்கள் தான் கூட, மீட்டர் கொண்டுவந்து பாத்த ஒருத்தரை நான் முதல் முதல் கண்டது இவரைத்தான்.

குறை சொல்றதெண்டா, சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். காலமை எண்டா மத்தியானம் தான். வேலை செய்யேக்க ஃபோன் எடுக்கவே மாட்டார், அது சரி தான், ஆனா பிறகு திருப்பியும் எடுக்கிறேல்ல, மெசேஜ் போட்டா தான் பதில். பொடியன்மாரோட சிங்களத்தில கதைச்சு வேலை வாங்குறார், அவையள் நல்ல பொடியள், ஆனா சுவர் வெட்டின தூசிய கூட்டாம போகினம், அதுக்கு நாங்களே ஆள் பிடிக்க வேண்டி வந்தது. பெட்டிக்கு ஒட்டின லேபிள் எல்லாம் இங்கிலீசில மட்டும் இருந்தது, அம்மாவுக்கு வாசிக்க ஏலாது, அவ தான் பகல் முழுக்க வீட்டில நிக்கிறவ, சொன்ன உடன தமிழிலயும் எழுதித் தந்தவர் எண்டாலும் அது முதலே செய்ய வேண்டிய வேலை. மொத்தச் செலவும் பொயின்ட் கணக்கில கேட்ட ஆக்கள விட கூடத்தான் வந்தது, முக்கியமா தனித்தனி ஆர்.சி.பி.ஓ. வாங்கினதால. எங்களுக்கு அது சரியான இடத்தில போன காசு. கீழ சாமான் மட்டும் அடுக்கப்போறியள், ஆக்கள் இருக்கப்போறேல்ல எண்டா இவ்வளவுக்குத் தேவையில்லை, ஒரு லைட், ஒரு மோட்டர், ரெண்டுக்கும் ரிப் சுவிச், போதும்.

பேரையும் நம்பரையும் இங்க போடேல்ல, அவர் வேண்டாம் எண்டவர், கையில இருக்கிற வேலையே கூடவாம். ஆரைப் பிடிச்சாலும் அவர் வர முதல் கடைசி கரண்ட் பில், மீட்டர் பெட்டிட படம், கீழ பாவிக்கப்போற சாமான் எல்லாத்தின்ர வாட்ஸ் (சாமானுக்குப் பின்னால ஒட்டியிருக்கும்), எந்த மூலையில மழைக்கு ஈரம் வருது எண்டது, இவ்வளவும் கையில வைச்சிருங்கோ. எலெக்ட்ரீசியன் லைசன்ஸ், என்.வி.கியூ. (தொழில் தகுதி) சேர்டிபிகேட்ட காட்டச் சொல்லிக் கேளுங்கோ, இவர் கேக்க முதலே பேர்சில இருந்து எடுத்துக் காட்டினவர். டைல்ஸ் பதிக்கிற, ஜிப்சம் அடிக்கிற ஆக்களுக்கு திகதி குடுக்கிறது வயரிங் பிளான் கைக்கு வந்தாப் பிறகு.